வண்டு கடைசியாத்தான் வரும்

காய்ந்துபோன ஜூனிப்பர் மரத்தின் பட்டையை உரிச்சுப் பார்த்தா, உள்ளே ஒரு பூரானை அச்சடிச்ச மாதிரி தடம் தெரியும். நடுவில் நீளவாக்கில் ஓடும் கோடு, தாய் வண்டு குடைந்து முட்டையிட்ட பாதை. இரண்டு பக்கமும் கால்கள் மாதிரி பிரிபவை, புழுக்கள் தின்றுகொண்டே போன வழிகள். வண்டின் பெயர் ஃப்ளியோசைனஸ். அரிசிமணியை விடச் சிறிசு.

இதைப் பார்த்தா நீங்க என்ன சொல்வீங்க? "வண்டுதான் மரத்தைக் கொன்னுடுச்சு." சாட்சி கண்ணெதிரேயே இருக்கே!

ஆனா இந்த வண்டு பெரும்பாலும் குடும்பம் நடத்த வருவது ஏற்கெனவே தளர்ந்துபோன மரத்துக்குத்தான். நல்லா இருக்கும் மரத்தில் கிளை நுனியைக் கொஞ்சம் கடிக்கும். நுனி பழுப்பாகித் தொங்கும், மரம் பாட்டுக்கு வளரும்.

அமெரிக்காவின் தென்மேற்கில் பின்யான் பைனும் ஜூனிப்பரும் சேர்ந்தே வளரும். 2002-03 வறட்சியில் பின்யான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தண்ணீரைச் சேமிக்க அவை இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் உணவு தயாரிப்பும் நின்றுவிடும், வண்டைத் தடுக்கும் பிசினும் குறையும். அப்புறம்தான் இப்ஸ் என்ற பட்டை வண்டு உள்ளே புகுந்தது. ஜூனிப்பர் துளைகளை அவ்வளவு சீக்கிரம் மூடாது. ரொம்ப முடியலைன்னா ஒரு கிளையைக் காயவிட்டு மீதியைக் காப்பாற்றிக்கொள்ளும். நம்ம பாஷையில் லோட் ஷெட்டிங். அதுக்கும் ஒரு எல்லை உண்டு. 2021-இல் அரிசோனாவில் ஜூனிப்பர்களும் காய்ந்தன.

மெக்கானிக்கல் பசங்களுக்கு இது புதுசு இல்லை. ஃபடீக்கில் ஷாஃப்ட் உடைவது ஒரு நொடியில். விரிசல் எப்போ தொடங்கிச்சு என்பதுதான் கேள்வி.

என் ரூம்மேட் நாலாவது செமஸ்டருக்கு வரவில்லை. ஏன்னு கேட்டா வகுப்பே ஒரே குரலில் சொல்லும்: "எம்-3 அரியர்டா." மார்க் ஷீட்டில் இருப்பதும் அதுதான். ஆனா முதல் வருஷமே அவங்க அப்பா வேலை பார்த்த லேத் பட்டறை மூடிட்டாங்க. அவன் முதல்ல வாலிபால் விட்டான். அப்புறம் சிம்போசியம். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போனான். அப்புறம் இரவுச் சாப்பாடு, "பசிக்கலைடா" என்று. ஒவ்வொரு கிளையா காயவிட்டு, படிப்பை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒன்றரை வருஷம் நின்னான். அரியர் வந்தது அதுக்கெல்லாம் அப்புறம்.

அவனைச் சோம்பேறின்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். அவ்வளவு காலம் அவன் எப்படித் தாங்கினான் என்பதைத்தான் கேட்கணும்.

உங்க பக்கத்து பெஞ்ச்லயும் ஒருத்தர் திடீர்னு விளையாட வர்றதை நிறுத்தியிருக்கலாம், மெஸ்ஸுக்கு வராம இருக்கலாம். இன்னைக்கே போய், "வீட்டுல எப்படிடா இருக்கு?"ன்னு கேளுங்க. அரியர் லிஸ்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.