குறும்பகல்

இங்கிலாந்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் வேனிற்காலத்தையே நாடுவர். அக்காலத்தில் பகல் நீண்டிருக்கும், மரங்கள் தழைத்திருக்கும், பூங்காக்கள் மலர்ந்திருக்கும். குளிர்காலத்தில் அங்கே செல்வோர் காட்சியை நாடிச் செல்வோர் அல்லர்; உற்றாரையும் நண்பரையும் நாடிச் செல்வோரே ஆவர். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரும் அவ்வாறே ஒரு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் அந்நாட்டை அடைந்தார். இலண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ரெடிங் நகரில் அவருடைய மகள் தன் கணவனோடும் பன்னிரண்டு வயது மகனோடும் வாழ்ந்து வந்தாள். முதியவரின் மனைவியார் மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது. "இரண்டு மாதமேனும் எங்களோடு வந்து இருங்கள், அப்பா" என்று மகள் வற்புறுத்தி அழைத்ததனாலேயே அவர் புறப்பட்டார்.

நாடெங்கும் வெண்பனி போர்த்திருக்கும் என்று எண்ணி வந்தவருக்கு ஏமாற்றமே காத்திருந்தது. தென் இங்கிலாந்தில் வெண்பனி பொழிவது அரிது. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டமும், அக்கடலின்மேல் வீசிவரும் மேல்காற்றும் அந்நிலத்தைக் கடுங்குளிரினின்றும் காக்கின்றன. ஆதலின் அங்குக் குளிர்காலத்தில் மிகுதியாய்க் காணப்படுவன சாம்பல் நிற வானமும், தூறலும், மூடுபனியும், புல்லின் நுனியில் படியும் உறைபனியுமே ஆகும்.

குளிரினும் அவரை மிகுதியாய் வருத்தியது இருள். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதனால் டிசம்பர்த் திங்களில் வடபகுதி நாடுகள் கதிரவனை விட்டு விலகி நிற்கின்றன. இலண்டன் 51½ பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அங்கு ஆண்டின் மிகக் குறுகிய பகல் எட்டு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. காலை எட்டு மணிக்குக் கதிரவன் தோன்றும். மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மகளும் மருமகனும் இருளில் வேலைக்குப் புறப்பட்டு இருளிலேயே வீடு திரும்பினர். பெயரனும் பள்ளிக்குச் சென்றுவிடுவான். சாளரத்தின் அருகே நாற்காலியை இட்டுக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்தபடி முதியவர் பொழுது போக்கினார். தாம் ஒரு சுமையாய் வந்து சேர்ந்ததாக அவருக்குத் தோன்றிற்று.

பத்தாம் நாள் இரவு உணவின்போது, "அம்மா, பயணச்சீட்டைச் சற்று முன்னதாக மாற்ற இயலுமா?" என்று கேட்டார். மகள் உடனே விடை கூறவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "பார்க்கிறேன், அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்த பெயரன் மெல்லச் சொன்னான்: "தாத்தா, அம்மா இந்த ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. எல்லாவற்றையும் உங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்." முதியவர் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. மகள் அழைக்குமிடங்களுக்கெல்லாம் மறுக்காமல் செல்வது என்று முடிவு செய்தார். எனினும், முன்னதாகத் திரும்பும் எண்ணம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

முதலில் அவர்கள் சென்றது கிரீனிச். 1675-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற வானாய்வுக்கூடத்தின் முற்றத்தில் உலோகப் பட்டை ஒன்று தரையில் பதிக்கப்பட்டுள்ளது. உலகின் தலை நெடுங்கோட்டை அது குறிக்கின்றது. 1884-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் பல நாட்டார் கூடிய மாநாட்டில் அக்கோட்டைப் பொதுவாகக் கொள்வது என முடிவு செய்யப்பட்டது. பெயரன் கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு காலை ஊன்றி நின்று மகிழ்ந்தான். பகல் ஒரு மணிக்கு, கூரையின் உச்சிக் கம்பத்தில் ஏற்றப்பட்டிருந்த செந்நிறப் பந்து கீழே இறங்கிற்று. ஆற்றிலுள்ள கப்பல்கள் தம் கடிகாரங்களைத் திருத்திக்கொள்ளும் பொருட்டு 1833-ஆம் ஆண்டில் ஏற்பட்ட வழக்கம் அது. எல்லாரும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்தனர். முதியவரின் கைக்கடிகாரம் ஆறரை மணி காட்டிற்று.

"தாத்தா, நீங்கள் இன்னும் ஊரிலேயே இருக்கிறீர்களே!" என்று சிறுவன் நகைத்தான்.

"இந்நேரம் ஊரில் விளக்கு ஏற்றியிருப்பார்கள்" என்றார் அவர். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் டிராபால்கர் சதுக்கத்தில் நெடியதொரு ஊசியிலை மரம் விளக்குகளோடு நின்றது. இரண்டாம் உலகப் போரில் நார்வே நாடு பகைவர் வயப்பட்டபோது அதன் அரசர் இலண்டனில் அடைக்கலம் புகுந்தார். அந்த உதவியை மறவாத ஓஸ்லோ நகர மக்கள், 1947-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஒரு மரத்தை அனுப்பி வருகின்றனர். "உதவியவரை நினைவதற்கு ஏற்ற காலம் இருள் மிகுந்த காலமே போலும்" என்று முதியவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். ஆற்றோரமாய் நடக்கையில், அந்தத் தேம்ஸ் ஆறே முற்காலத்தில் கடுங்குளிரில் உறைந்துபோனதையும், அதன்மேல் மக்கள் கடைகள் அமைத்துச் சந்தை நடத்தியதையும் மருமகன் எடுத்துரைத்தார். அத்தகைய சந்தை இறுதியாக நடந்தது 1814-இல். பழைய இலண்டன் பாலத்தின் நெருங்கிய தூண்கள் நீரோட்டத்தைத் தடுத்ததனால் ஆறு எளிதில் உறைந்தது. 1831-இல் புதிய பாலம் திறக்கப்பெற்றுப் பழையது நீக்கப்பட்டபின், நகரின் நடுவே ஆறு உறையும் வழக்கம் ஒழிந்தது. உறைந்த ஆற்றை எண்ணி வருந்தாது அதன்மேல் கடை விரித்த மக்களை நினைத்து முதியவர் வியந்தார்.

டிசம்பர் 19-ஆம் நாள் அவர்கள் சாலிஸ்பரி நகருக்குச் சென்றனர். அங்கு மருத்துவராய்ப் பணியாற்றும் ஒருவர், முன்னாளில் முதியவரிடம் தமிழ் பயின்றவர். வாயிலில் ஆசிரியரைக் கண்டதும், "வாருங்கள், ஐயா" என்று குனிந்து வணங்கினார். பிறகு அவர் முதற்கண் உற்று நோக்கியது ஆசிரியரின் உடையைத்தான். "ஐயா, ஒரே தடித்த மேலங்கியை நம்பி வந்திருக்கிறீர்கள். அது போதாது. மெல்லிய ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அணியவேண்டும். இடையிடையே தங்கும் காற்றுத்தான் உடலின் வெப்பத்தைக் காக்கும்" என்று கூறித் தம் கம்பளி ஆடைகளைக் கொணர்ந்து தாமே அணிவித்தார். "முதலாண்டில் நானும் இந்தக் குளிரோடு பகைத்துக்கொண்டேன், ஐயா. பிறகு, இதனையும் ஒரு பாடமாகக் கற்றேன்" என்றார்.

அந்நகரத்துப் பேராலயம் 1220-இல் தொடங்கப்பெற்றது. அதன் கோபுரம் ஏறத்தாழ 123 மீட்டர் உயரமுடையது. இங்கிலாந்திலுள்ள ஆலயக் கோபுரங்களுள் அதுவே மிக உயர்ந்தது. 1215-ஆம் ஆண்டின் மாபெரும் உரிமைப் பட்டயத்தின் மூலப்படிகள் நான்கனுள் ஒன்று அங்குப் பாதுகாக்கப்படுகின்றது. முகமும் முட்களும் இல்லாமல் மணியோசையால் மட்டும் பொழுதை அறிவிக்கும் பழங்கடிகாரம் ஒன்றும் அங்கே உண்டு.

பிற்பகலில், அண்மையிலுள்ள ஸ்டோன்ஹெஞ்ச் வெளியை அடைந்தனர். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் நாட்டப்பெற்ற பெருங்கற்கள் அங்கு வட்டமாய் நிற்கின்றன. பெரியவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 டன் எடையுடையவை. சிறிய நீலக்கற்கள் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேல்ஸ் நாட்டு மலைகளிலிருந்து கொணரப்பட்டவை. வேனிலின் நெடும்பகலில் கதிரவன் எழும் திசையையும், குளிர்காலத்தின் குறும்பகலில் அது மறையும் திசையையும் ஒரே நேர்கோட்டில் அமைத்து அக்கற்களை நாட்டினர் பண்டை மக்கள். அருகிலுள்ள அவர்தம் குடியிருப்பில் தோண்டிக் கண்ட விலங்கெலும்புகளை ஆராய்ந்த அறிஞர், நடுக்குளிர்காலத்தில் தொலைவிடங்களிலிருந்து மக்கள் வந்து கூடி விருந்துண்டனர் எனக் கருதுகின்றனர்.

சிறிது நேரம் முகில் விலகிற்று. செங்கதிர் இரு கற்களின் இடையே தாழ்ந்து இறங்கியது. குளிர்ந்த காற்றில் எவரும் பேசவில்லை. அடுக்காடையினுள் முதியவரின் உடல் வெதுவெதுப்பாய் இருந்தது. பகல் மிகக் குறுகிய நாளைக் கூடிவாழும் நாளாகக் கொண்டவர் எத்தகையோர் என்று அவர் எண்ணினார். தொலைவிலிருந்து உறவினர் வந்து சேர்வதற்குரிய காலம் அதுவே என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். தம் மகளும் அதனை அறிந்தே அழைத்தாள் என்பது அப்போது அவருக்கு விளங்கிற்று.

ஜனவரித் தொடக்கத்தில், பள்ளி திறப்பதற்கு முன், தாத்தாவும் பெயரனும் மட்டும் இரயிலேறி ஆக்ஸ்போர்டு நகருக்குச் சென்றனர். கல்லூரிகளின் கோபுரங்களைக் கண்டபின், வால்டன் தெருவை ஒட்டியுள்ள புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தினுள் நுழைந்தனர். இலையுதிர்ந்த மரங்களினடியில் பழங்கற்கள் சாய்ந்து நின்றன. அங்கேதான் ஜி. யு. போப் துயில்கின்றார். 1820-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர், 1839-இல் தமிழகம் வந்தார். சாயர்புரம், தஞ்சை, உதகை முதலிய இடங்களில் கல்விப்பணி ஆற்றினார். முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அவர்தம் திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும், திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இலும் வெளிவந்தன. 1908-இல் அவர் மறைந்தார்.

தாத்தா சொன்னவற்றைக் கேட்ட சிறுவன், "அவருக்கு நம் ஊர் வெயில் பொறுத்ததா, தாத்தா?" என்று வினவினான்.

"தொடக்கத்தில் வருந்தியிருப்பார்" என்றார் முதியவர். "ஆனால் அவர் தமிழைக் கற்றார். கற்கக் கற்க ஊரும் வெயிலும் அவருக்கு உரியவை ஆகியிருக்கும்."

இவ்வாறு சொல்லி முடித்ததும் அவர் வாய் தானே அடைத்துக்கொண்டது. ஒரு திங்களாய்த் தாம் இந்நாட்டின் இருளைக் குறைகூறினாரே அன்றி, இந்நாட்டைப் பற்றித் தாமாக எதனையும் கற்க முற்படவில்லை என்பது அவர் நெஞ்சில் உறைத்தது. சிறுவனும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தயங்கிய குரலில், "எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. இவருக்குத் தெரிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை" என்றான். முதியவர் அவனுடைய தோளை அணைத்துக்கொண்டார்.

அன்று மாலை முதல், நான்கு மணிக்கு வந்து சூழும் இருள் அவ்வீட்டில் பாடவேளையாயிற்று. விளக்கின்கீழ் அமர்ந்து பெயரன் அகர வரிசையை எழுதினான். பனி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று தாத்தா சொற்களைப் பிரித்துக் காட்டினார். மாறாகப் பெயரன், இலையில்லாத மரங்களைப் பட்டையாலும் கிளையாலும் அடையாளம் காணவும், வேலியில் அமர்ந்து கூவும் செம்மார்பு ராபின் பறவையை அறிந்துகொள்ளவும் தாத்தாவுக்குக் கற்பித்தான். வேலை முடிந்து வரும் மகள், வாயிலிலேயே நின்று அவ்விருவர் குரலையும் கேட்பாள்.

ஒருநாள் அவள், "பயணச்சீட்டை இன்னும் மாற்றவில்லை, அப்பா" என்று தயக்கத்தோடு தொடங்கினாள்.

"மாற்றவேண்டா, அம்மா. குறித்த நாளிலேயே போகிறேன்" என்றார் முதியவர். இடக்கைக் கடிகாரத்தைக் கழற்றி, அதன் முட்களை ஐந்தரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினார்.

ஜனவரி இறுதியில் அவர் ஊருக்குப் புறப்பட்டபோது, பகல் ஒன்பது மணி நேரமாக வளர்ந்திருந்தது. வீட்டு முற்றத்தில் சிறிய வெண்மலர்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டு தலைகாட்டின. பெயரன் தன் கையால் எழுதிய முதல் தமிழ்க் கடிதத்தை அவர் சட்டைப்பையில் வைத்தான். அதில் எழுத்துப்பிழைகள் மூன்று இருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகள் பிழை திருத்திய அவ்வாசிரியர் அவற்றைத் திருத்தவில்லை. அடுத்த குளிர்காலத்தில் பெயரனே அவற்றைத் திருத்திக்கொள்வான் என்று கூறி விடைபெற்றார்.