ரெகுலரா, கரஸ்ஸா?

கடலூர்ப் பக்கத்தில் யாராவது "எம்.ஏ. முடிச்சிருக்கேன்" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ரெகுலரா, கரஸ்ஸா?" கரஸ், அதாவது அஞ்சல்வழி, என்று பதில் வந்ததும் கேட்டவர் குரலில் மதிப்பு ஒரு படி இறங்கிவிடும். நான் கரஸ்ஸில் வரலாறு படித்தவன். அந்த இறக்கத்தை இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர், சிப்காட் கம்பெனியில் கணக்கு எழுதுபவர், கல்யாணம் ஆனதும் பி.ஏ.வோடு நின்றுபோன பெண், அங்கன்வாடி ஊழியர், போலீஸ்காரர் என்று எத்தனையோ பேருக்குக் கல்லூரி வாசல் காலை பத்து மணிக்குத் திறந்து என்ன பயன்? அந்த நேரத்தில் அவர்கள் வேறு எங்கேயோ சம்பாதித்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோ இருக்கிறார்கள். 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஐம்பது வருடம் கழித்து, 1979இல், தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. எங்கள் மாவட்டத்தில் தமிழும் வரலாறும் ஆங்கிலமும் படித்த பாதிப் பேர் அந்த வழியாக வந்தவர்களோ என்று எனக்குத் தோன்றும். பள்ளிக்கூட வாத்தியார்களைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது ஏதோ குறுக்குவழி என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கதையிலேயே பதில் இருக்கிறது. 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்த அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்த நாட்களில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.சி. பட்டத்தையும் எடுத்தார். லண்டனுக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து எடுத்த பட்டமல்ல அது. இலங்கையில் அதை வெளிவாரிப் பட்டம் என்பார்கள். லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே அந்த வாசலைத் திறந்துவிட்டது. நம் தமிழறிஞர் மு.வ.வும் அப்படித்தான். தனியாகப் படித்து 1935இல் வித்துவான் தேர்வு, பள்ளி ஆசிரியராக இருந்தபடியே 1939இல் பி.ஓ.எல். அவரிடம் யாராவது "ரெகுலரா?" என்று கேட்டிருப்பார்களா?

ஆனால் இவர்களைக் காட்டிவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. அவர்களைச் சுற்றித் தமிழ் பேசும், வாதாடும் ஆட்கள் இருந்தார்கள். பார்சலில் வரும் பாடப் புத்தகத்தைப் பிரித்து, அலகு ஒன்று, அலகு இரண்டு என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகப் படிக்கிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? அதற்காகத்தான் நேர்முக வகுப்பு. பி.சி.பி. என்று சொல்வோம். "அட்டெண்டன்ஸ் கட்டாயமா சார்?" என்று கேட்டுவிட்டுப் பாதிப் பேர் வராமல் இருந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

அன்று இரண்டாம் மைசூர்ப் போர். 1781 ஜூலை 1, பரங்கிப்பேட்டை, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையிடம் ஹைதர் அலி தோற்றார் என்று பாடப் புத்தகத்தில் நாலே வரி. ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டு, "பரங்கிப்பேட்டைலேர்ந்து யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்றார். பின் பெஞ்சில் ஓர் அம்மா எழுந்தார்.

"உங்க ஊர்ல கடற்கரை எப்படிம்மா இருக்கும்?"

"கடலோரமா மணல்மேடு இருக்கும் சார். நான் சின்னப் புள்ளயா இருக்கும்போது இன்னும் ஒசரமா இருந்துச்சு. அதுக்கு அந்தாண்ட நின்னா ஊர்லேர்ந்து பாத்தா ஆளே தெரியாது."

"அதாம்மா விஷயம்" என்று சொல்லி ஆசிரியர் கரும்பலகையில் கடலுக்கு ஒரு கோடு போட்டார். அதை ஒட்டி மணல்மேடு. இந்தப் பக்கம் ஹைதரின் பீரங்கி வரிசை. எதிரே போய் மோதாமல் கூட் தன் படையை மணல்மேட்டின் மறைவில் நகர்த்திப் பக்கவாட்டில் திருப்பினான் என்று வரைந்து காட்டினார். அந்த அம்மாவே முன்னால் வந்து, மேடு எந்த இடத்தில் தாழ்ந்திருக்கும் என்று விரல் வைத்துச் சொன்னார். நாலு வரி ஒரு மணி நேரமாயிற்று. அதே ஆசிரியர் இன்னொரு நாள், "கீழைக் கோபுரத்து நிலையில நாட்டியக் கரணங்களும் அதுக்கான சுலோகங்களும் வெட்டியிருக்கு, பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போங்க" என்று அனுப்பினார். பிறந்ததிலிருந்து சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் போய்வந்த நாங்கள் அன்றைக்குத்தான் கோபுர வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தோம்.

கலைப் படிப்பு என்பது இதுதான். தகவலைத் தபாலில் அனுப்பலாம், இணையத்திலும் ஏற்றலாம். ஸ்வயம் தளத்தில் நல்ல பாடங்கள் இருக்கின்றன, நானே கேட்கிறேன். "உங்க ஊர் எது?" என்று கேட்க மட்டும் எதிரே ஓர் ஆள் வேண்டும்.

எளிமையாக்குகிறோம் என்று கிளம்பி எல்லை தாண்டியதும் நடந்திருக்கிறது. பி.ஏ. இல்லாமலே நேராக எம்.ஏ. சேரலாம் என்று திறந்தநிலை முறையில் ஒரு வழி இருந்தது. அப்படி வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே இருக்கிறது. தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நம்பிப் பணம் கட்டி, ராத்திரி கண்விழித்துப் படித்துத் தேறியவர்களின் பதவி உயர்வும் அதோடு போயிற்று. படிப்படியாக ஏற வேண்டும் என்று சேரும்போதே சொல்லாதவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்புறம் 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு அறிவிப்பு விட்டது: அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைக்கும்தான் அங்கீகாரம் கொடுத்திருப்பதாக. இடையில் சேர்ந்தவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்குமா என்று தெரியாது. இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவில் இருந்த இழுபறியில் மாணவன்தான் மாட்டிக்கொண்டான்.

மானியக் குழுவின் 2020 விதிமுறைப்படி, அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். அந்த 'அங்கீகாரம் உள்ள' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேரப்போகும் அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடப் பட்டியல் உதவாது. அட்மிஷன் ஏஜென்ட் வாய்வார்த்தை அதைவிட உதவாது.

இன்னொன்றைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். கடலூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலையின் இணைப்பில் இருக்கின்றன. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி மாதிரி இடங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓர் அறையையும் நூலகத்தையும் தொலைதூர மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். சிதம்பரம் வரை 45 கிலோமீட்டர் போய்வர முடியாத பெண்கள் இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டியிலிருந்தும் வருவார்கள். பாடம் எடுக்க ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.