சேர் தந்த வாள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கோ.

நயினாதீவில் ஓய்வுபெற்ற சேர் ஒருவர் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போகப்போகிறார். போன மாதம் எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். போனோம். சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றை மேசையில் வைத்து அவிழ்த்தார். வாள்!

"இது ஐயாவின்ர. மலாயாவில இருந்து கொண்டு வந்தவர். சாமுராய் வாள். உங்கட வாப்பா தந்ததை நான் வைச்சிருந்தன். இப்ப என்ர சாமானை நீங்கள் வைச்சிருங்கோ தம்பி" என்றார்.

1990 ஒக்டோபர் 30. சோனகதெருவில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன நாள். அப்போது யாழ்ப்பாணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த சேரின் கையில் வாப்பா தன் கலியாணப் பதிவையும் ஒரு குடும்பப் படத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். 1995 இடப்பெயர்விலும் சேர் அதைத் தன் பையிலேயே கொண்டு திரிந்தார். புத்தளத்தில் வளர்ந்த நாங்கள் திரும்பி வந்தபோது அப்படியே தந்தார். அப்படிப்பட்டவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

ஆனால் பயம் இருந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாள், பெரிய கத்திகளை ஒப்படைக்கும்படி பொலிஸார் அறிவித்தார்கள். உழ்ஹிய்யாவுக்கு வைத்திருந்த கத்தியைக்கூட உம்மா ஒப்படைத்துவிட்டா. முஸ்லிம் வீட்டில் வாள் என்றால் அது செய்தியாகிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால், "முதலில இது என்ன வாள் என்று பாப்பம் சேர்" என்று மட்டும் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

எங்களுக்கு வாளைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டு கிழமை தேடி வாசித்ததில் விளங்கியது இதுதான். அந்தப் போரில் ஜப்பானிய இராணுவம் பிடித்த வாள்களில் முக்கியமானவை இரண்டு வகை. 

ஒன்று, அதிகாரிகளின் வாள். 1934, 1938 மாதிரிகள். பிடியில் திருக்கைத் தோல் வைத்து அதன்மேல் நாடா சுற்றியிருக்கும். பிடியையும் அலகையும் பிணைப்பது சிறிய மூங்கில் ஆணி. அதைக் கழற்றினால், பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பில் சிலவேளை கொல்லரின் பெயர் இருக்கும். சில அதிகாரிகள் பரம்பரை அலகையே இந்தப் பிடிக்குள் பொருத்திக்கொண்டார்கள். 

மற்றது 1935 மாதிரி. சார்ஜன்ட் தரத்தினருக்கு அரசே கொடுத்தது. தொழிற்சாலையில் செய்தது. அதில் ஓர் இலக்கம் அடித்திருக்கும்.

மறுபடி போய்ப் பார்த்தோம். பிடி தூரத்தில் நாடா சுற்றியது போலத் தெரிந்தது. பெயின்ற் உதிர்ந்த இடத்தில் அலுமினியம். மூங்கில் ஆணிக்குப் பதிலாகத் திருகாணி. அலகில் நீளமாக ஒரு பள்ளம். பிடிக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம், இரும்பு உறையிலும் அதே இலக்கம். ஆக, சார்ஜன்ட் வாள். சாமுராய்களுடையது இல்லை. அவர்கள் பொது இடத்தில் வாள் அணிவதை ஜப்பான் 1876 இலேயே தடைசெய்துவிட்டது.

இதைச் சேரிடம் சொல்ல மனம் வரவில்லை. எண்பது வருசமாக ஒரு குடும்பம் சொல்லி வந்த கதை. ஆனாலும் சொன்னோம். சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஐயா இதை ஒருநாளும் சுவரில மாட்டேல்ல தம்பி. சாமுராய் கதை நாங்கள் பிள்ளையளாக் கட்டினது. அவர் மலாயா ரயில்வேயில கிளாக். கடைசிக் காலத்தில அவர் கதைச்சதெல்லாம் சியாமுக்கு ரயிலில ஏத்தின சனத்தைப் பற்றித்தான்."

சியாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீற்றர். 1942-43 இல் போட்டு முடித்தார்கள். அந்த வேலைக்கு மலாயாத் தோட்டங்களில் இருந்து தமிழ்த் தொழிலாளர் ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பசி, கொலரா, அடி. பெருந்தொகையானோர் திரும்பி வரவில்லை. அந்தச் சனத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியவர்கள் தளபதிகள் இல்லை, கீழ்நிலைப் படையினர். இந்த வாள் அங்கே நின்றதா என்று அதன் இலக்கம் சொல்லாது. 1945 செப்டெம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் சரணடைந்தபோது ஒப்படைத்த வாள்களில் ஒன்றாகவும் இருக்கலாம். ஆனால் சாமுராய் வாளைவிட இதுதான் எங்கள் சனத்தின் வரலாற்றுக்குக் கிட்ட நிற்கிறது.

பிறகு மூன்று காரியம் செய்தோம். துருவைச் சுரண்டவில்லை, பிறாசோ போடவில்லை, தையல் மெசின் எண்ணெய் மட்டும் மெல்லப் பூசினோம். ஐயா எங்கே வேலை செய்தார், எந்த வருசம் ஊருக்கு வந்தார், என்ன சொன்னார் என்று சேர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கடிதத்தையும் படங்களையும் இருவருமாகக் கிராம அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒளித்து வைத்தால்தான் அது ஆயுதம். சொல்லி வைத்தால் வரலாறு.

வாள் இப்போது சேரின் வீட்டில்தான். அவர் போகுமுன் உரிய இடத்தில் கேட்டு, ஒரு நூதனசாலைக்குக் கொடுக்க முயற்சி செய்கிறோம். கடிதத்தின் பிரதி எங்களிடம், வாப்பாவின் கலியாணப் பதிவோடு ஒரே பைலில் இருக்கிறது.

தீவகத்தில் மலாயன் பென்சனியர் வீடுகள் எத்தனையோ. பழைய ட்ரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கோ. வாள் தேடச் சொல்லவில்லை. கடிதம், சம்பளச் சீட்டு, படம் எதுவானாலும் எறியாதேங்கோ. விபரம் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கோ.

சேரின் பயணம் நல்லபடியாக அமைய துஆ செய்யுங்கள்.