மலைப்பாதையில் இரு மோட்டார்கள்

மோட்டார் வாங்கப் புறப்படுவோர் பெரும்பாலும் காட்சிச்சாலையின் பளிங்குத் தரையிலே அதனைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்து விடுகின்றனர். அங்கே எவ்வண்டியும் அழகாகத்தான் இருக்கும். மழை இல்லை, மேடு இல்லை, எதிரே கொழுந்து லொறி வருவதும் இல்லை. இரத்தினபுரியில் மாணிக்கம் வாங்கும் அநுபவசாலிகளோ விளக்கொளியில் கல்லை மதிப்பதில்லை. வெளியே கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பர். மோட்டாருக்கும் அதுவே முறை என்று கருதி, நாம் சென்ற மாதம் இரு வண்டிகளைச் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றோம்.

காரணம் இது. இலங்கையில் 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் மோட்டார்களுக்கான கதவு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்தாண்டும் பணத்தைச் சேர்த்து வைத்துக் காத்திருந்தவருள் எம் மைத்துனரும் ஒருவர். கொழும்பிலே தொழில் செய்பவர். அவருடைய தந்தையார், அதாவது எம் மாமனார், பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் அங்கேயே வசிப்பவர். முழங்கால் வாதத்தால் வருந்தும் அவரை மாதம் ஒருமுறை இரத்தினபுரி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மைத்துனர் கையிலிருந்த பணத்துக்குப் புதிய டொயோட்டா கொரோலா ஒன்று வாங்கலாம். அதே பணத்துக்குச் சில ஆண்டுகள் ஓடிய உயர்தர ஜேர்மானிய வண்டி ஒன்றும் கிடைக்கும். எதை வாங்குவது? இதுவே வீட்டில் மூண்ட வழக்கு.

வழக்கைத் தீர்க்க இரண்டையும் நண்பர்களிடம் இரவல் பெற்றோம். ஜேர்மானிய வண்டியின் பெயரை இங்கே கூறப் போவதில்லை. அதன் இனத்தை மட்டுமே ஆராய்வோம்.

கொரோலாவை அறியாத இலங்கையர் இலர். 1966ஆம் ஆண்டில் யப்பானிலே பிறந்த இப்பெயர், 2021ஆம் ஆண்டளவில் உலகெங்கும் 5 கோடி வண்டிகளைக் கடந்துவிட்டது. பூவின் இதழ்கள் கூடி நிற்கும் பகுதியைத் தாவர நூலார் அல்லி வட்டம் என்பர். கொரோலா என்ற சொல்லுக்கு அதுவே பொருள். எளிய குடும்பத்து வண்டிக்கு இத்துணை அழகிய பெயர் அமைந்தது பொருத்தமே.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கொழும்பை விட்டுப் புறப்பட்டோம். மைத்துனர் ஜேர்மானிய வண்டியையும், நாம் கொரோலாவையும் ஓட்டினோம். அவிசாவளை கடந்து எகலியகொடையை அடைந்தபோது வானம் இருண்டது. குருவிற்றையில் மழை பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நாடு இது. நம்மை மட்டும் நனைக்காமல் விடுமா? சாலையோரத்துக் கடை ஒன்றில் நிறுத்தித் தேநீர் அருந்திய பின், வண்டிகளை மாற்றிக்கொண்டோம்.

உண்மையை மறைப்பதிற் பயனில்லை. உயர்தர வண்டியின் கதவை மூடியதும் மழையின் இரைச்சல் அடுத்த வீட்டில் பெய்வது போலாயிற்று. ஆசனம் முதுகை அறிந்து தாங்கிற்று. பஸ் ஒன்றை முந்த நேர்ந்தபோது, கால் விரலை அழுத்துமுன்னே வண்டி முன்னே நின்றது. இரத்தினபுரி வரையுள்ள ஏறத்தாழ 100 கிலோமீற்றர்ப் பெருஞ்சாலையை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுவதாயின், வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். கொரோலா தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆயின் அந்த மௌனத்தையும் அந்தப் பாய்ச்சலையும் அது தரவில்லை. வேறோர் உயர்வும் உண்டு. மின்விசையால் ஆசனத்தை உயர்த்தித் தாழ்த்தும் வசதி இவ்வினத்து வண்டிகளில் பெரிதும் காணப்படும். முழங்கால் நோவுள்ளவருக்கு அஃது ஓர் உபகாரம்.

இரத்தினபுரியைக் கடந்தோம். வயல்களின் நடுவே மாணிக்கக் குழிகளின் மீது வேய்ந்த சிறு கூரைகள் தென்பட்டன. மண்ணுக்கடியிலுள்ள ‘இல்லம்’ என்னும் சரளைப் படையை மேலே கொணர்ந்து, கூடையிலிட்டு நீரிலே அரித்துக் கல்லைத் தேடும் தொழில் அது. பெல்மதுளையில் பாதை கிழக்கே திரும்புகிறது. ஓப்பநாயக்க வழியாகப் பலாங்கொடையை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு காலத்தில் குறுகிய இருப்புப் பாதையொன்று ஓப்பநாயக்க வரை ஓடியது. இன்று அவ்வழி அவிசாவளையோடு நின்றுவிட்டதால், மலையகத்தார் சாலையையே நம்பி வாழ்கின்றனர்.

இங்கேதான் குடும்ப வண்டியின் குணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. முதலாவது, பின்னாசனம். ஜேர்மானிய வண்டிகளிற் பல பின்சக்கரங்களால் உந்தப்படுவன. முன்னேயுள்ள எந்திரத்தின் விசையைப் பின்னே கொண்டு செல்லும் தண்டுக்காக, தரையின் நடுவே ஒரு திட்டு எழும்பி நிற்கும். நடுவில் இருந்த எம் மருமகன் கால் வைக்க இடமின்றி இருபுறத்தாரையும் உதைத்துக்கொண்டே வந்தான். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கொரோலாவில் அத்திட்டு மிகச் சிறிது. மூவர் அமைதியாக இருக்கலாம்.

இரண்டாவது, எரிபொருள். 1.8 லீற்றர்ப் பெற்றோல் எந்திரத்தோடு மின்சார மோட்டாரும் சேர்ந்த கலப்பு வண்டி இது. இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமித்து, அடுத்த ஏற்றத்தில் செலவிடும். ‘பி’ என்ற நிலைக்குக் கைப்பிடியை மாற்றினால், எந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் நீண்ட இறக்கத்தில் தடுப்புகள் சூடேறா. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களை மறந்தவர் எவர்? உயர்தர வண்டிகளிலும் கலப்பு வகைகள் உண்டு. ஆயின் நம் பணத்துக்குக் கிடைப்பது சில ஆண்டுகள் உழைத்த மின்கலம் என்பதை மறக்கலாகாது.

மாணவர் அறிய வேண்டிய மறுபக்கமும் ஒன்றுண்டு. ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னோக்கிச் சாயும். அதனால் முன்சக்கரங்களின் பிடி தளர்ந்து, பின்சக்கரங்களின் பிடி இறுகும். ஈரமான செம்மண் ஏற்றத்திலே பின்சக்கர உந்துதலுக்கு இது சாதகம். பலாங்கொடையை விட்டுத் தோட்டப் பாதையில் ஏறியபோது இவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்டோம்.

தோட்டப் பாதை மக்களுக்காக வெட்டப்பட்டதன்று, கொழுந்துக்காக வெட்டப்பட்டது. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், சுவரோரமாகத் தண்ணீர் ஓடும் கான். நாம் ஏறியது பாடசாலை விடும் நேரம். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக இறங்கி வந்தனர். முன்னே சென்ற ஜேர்மானிய வண்டியை மைத்துனர் மீண்டும் ஓட்டினார். அதனைக் கண்ட ஒரு சிறுமி வழிவிட இடமின்றிக் கானுக்குள் இறங்கினாள். அவளுடைய வெள்ளைச் சப்பாத்து சேற்று நீரில் மூழ்கிற்று. அவள் அழவில்லை, பழகியவள் போல ஏறிக்கொண்டு நடந்தாள்.

வளைவில் ஊன்றுகோலோடு எமக்காகக் காத்திருந்த மாமனார் இதனைக் கண்டுவிட்டார். வண்டிகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பகலுணவு முடிந்து திண்ணையில் அமர்ந்த பின்பே வாய் திறந்தார்.

“தம்பி, நான் வேலைக்கு வந்த காலத்தில் இந்த றோட்டில் துரையின் மோட்டார் ஒன்றுதான் ஓடியது. தூரத்தில் சத்தம் கேட்டதுமே நாங்கள் எல்லாரும் கானுக்குள் இறங்கி நிற்போம். பெண்கள் கொழுந்துக் கூடையோடு இறங்குவார்கள். மோட்டார் போன பிறகுதான் ஏறுவோம். நீ எந்த வண்டியை வாங்கினாலும் எனக்குச் சம்மதம். அது வரும்போது ஒருவரும் கானுக்குள் இறங்கக் கூடாது.”

மைத்துனர் தலை குனிந்தார். “சரி, அப்பா” என்றார்.

அன்று மாலை நாம் அளவுகளை எடுத்துப் பார்த்தோம். யப்பானில் விற்கப்படும் கொரோலாவின் அகலம் 1,745 மில்லிமீற்றர். இன்றைய மெர்சிடிஸ் பென்ஸ் சி வகுப்பின் அகலம் 1,820, பி.எம்.டபிள்யூ 3 வரிசையின் அகலம் 1,827. வேறுபாடு ஏறத்தாழ 80 மில்லிமீற்றர். அதாவது, நாலு விரல் அகலம். நீளத்திலும் 20 சென்றிமீற்றருக்கு மேல் மிச்சம். காட்சிச்சாலையில் நாலு விரலை எவரும் பொருட்படுத்தார். தோட்டப் பாதையிலோ அது ஒரு பிள்ளை கால் வைக்கும் இடம். நாலு விரல் மட்டுமே ஒரு சப்பாத்தைக் காத்துவிடும் என்று யாம் கூற வரவில்லை. நிறுத்தத் தெரிந்த சாரதியே முதற் காப்பு. ஆயின் சாரதியின் நல்லெண்ணத்துக்கு வண்டியும் சற்று இடங்கொடுக்க வேண்டுமன்றோ?

மறுநாள் அவிசாவளைக்கு இறங்கி, கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைக்குத் திரும்பினோம். உறவினர் ஒருவர் அங்கே றப்பர்த் தோட்டமொன்றில் இருக்கிறார். தேயிலையின் பசுமை மறைந்து, நெடிய றப்பர் மரங்களின் நிழல் எம்மைச் சூழ்ந்தது. எந்த வண்டியானாலும் அதன் டயரிலே இத்தகைய மரத்தின் பாலும் கலந்திருக்கிறது என்ற எண்ணம் அங்கே தானாக எழும். டயரைப் பற்றியும் ஒரு சொல். உயர்தர வண்டிகள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் இல்லை. காற்றுப் போனாலும் குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடக்கூடிய விசேட டயரைப் பூட்டியிருப்பர். இருளில், மழையில், ஆளில்லாத வளைவில் அது பெரும் துணை. ஆயின் அதன் பின், அதே வகை டயர் சிற்றூர்க் கடையில் கிடைக்கவேண்டுமே! கொரோலாவின் டயருக்கும் உதிரிப் பாகத்துக்கும் அந்தக் கவலை குறைவு.

எட்டியாந்தோட்டையிலே கடைசி அரை மைலில் இரு வண்டிகளும் ஒருங்கே தோற்றன. மழை அரித்த பாதையில் கற்கள் தலை நீட்டி நின்றன. தாழ்ந்த அடிப்பாகமுடைய எந்தச் சலூன் வண்டிக்கும் அது ஏற்றதன்று. ஆகவே இரண்டையும் தொழிற்சாலை வாசலில் நிறுத்திவிட்டு நடந்தோம். அப்போது மூட்டைகளோடும் மூன்று பயணிகளோடும் ஒரு முச்சக்கர வண்டி குலுங்கிக் குலுங்கி எம்மைக் கடந்து மேலே சென்றது! வண்டியைப் பற்றி வாதாடும் நாம் பாதையைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்று வெட்கினோம். பிரசவ வேதனையுற்ற பெண்ணும், காய்ச்சல் கண்ட குழந்தையும் இறங்க வேண்டிய பாதை அது.

தீர்ப்பு இதுவே. நீண்ட பெருஞ்சாலையில் நாள்தோறும் செல்பவரும், பராமரிப்புச் செலவுக்கு அஞ்சாதவரும் உயர்தர வண்டியை வாங்கலாம். பணத்துக்கேற்ற சுகம் அதில் உண்டு. மழைநாட்டில் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஒடுங்கிய பாதையில் ஏறி இறங்க வேண்டியவருக்குப் புதிய குடும்ப வண்டியே உகந்தது. முழங்கால் நோவுக்கு உயர்ந்த ஆசனம் வேண்டுமாயின், ஒரு நல்ல மெத்தை அக்குறையைப் பெரிதும் தீர்க்கும். மைத்துனரும் அவ்வாறே முடிவு செய்தார்.

திரும்பும்போது, பால் சேர்த்த வாளிகளோடு பெண்கள் இருவர் எதிரே வந்தனர். மைத்துனர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி வண்டியை நிறுத்தினார். அவர்கள் சற்றுத் தயங்கிக் கானைப் பார்த்தனர். அவர் கண்ணாடியை இறக்கி, “நீங்கள் வாருங்கள், அம்மா” என்றார். பால் தளும்பாமல் அவர்கள் எம்மைக் கடந்து சென்ற பின்பே வண்டி நகர்ந்தது.