ஜன்னல் கற்பித்த பாடம்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான 1970களில் வேலைதேடி வந்த எங்கள் அத்தா எழுப்பிய வீடு அது. பின்கட்டு அறைக்குச் செங்கல் வாங்கப் பணமில்லை; மரச்சட்டமடித்து நெளிதகரமே சுவராயிற்று. மூச்சிரைப்பு நோயுள்ள என் தாயார் அவ்வறையில்தான் படுத்திருப்பார்.

கரையான் அரித்த மரஜன்னலை அகற்றி, அலுமினிய ஜன்னல் பொருத்த முனைந்தேன். செலவைச் சுருக்க எண்ணி, தகரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே சட்டத்தை முடுக்கி, சுற்றிலும் சிலிக்கோன் பூசச் சொன்னேன். "இது நிற்காது, பாய்" என்றார் முதிய தச்சர். நான் கேட்கவில்லை.

வெயிலில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். கோடை முழுதும் நடந்த அந்த இழுபறியில் பூச்சு விண்டது. ஐப்பசி மழைநீர் தகரத்தின் பின்னே இறங்கிற்று. மரச்சட்டம் ஊறிப் பூஞ்சை படர்ந்தது. தாயாரின் இருமல் இரவெல்லாம் ஓயவில்லை.

வெட்கத்துடன் அதே தச்சரை அழைத்து வந்தேன். ஜன்னலுக்கு மேலுள்ள தகரத்தைத் தளர்த்தி, மடித்த தகடொன்றின் மேல்விளிம்பை அதன் உட்புறம் செருகி, கீழ்விளிம்பைச் சட்டத்திற்கு வெளியே நீட்டினார். அடிச்சட்டத்தின் வடிகால் துளைகளை அடைத்திருந்த பூச்சையும் சுரண்டியெடுத்தார். "மழையை மறிக்க முடியாது, பாய், அதற்கு வழிதான் விட முடியும். கூரை ஓடுகள்போல மேலுள்ளது கீழுள்ளதன்மேல் படிய வேண்டும்" என்றார்.

அடுத்த மழைக்குச் சுவர் நனையவில்லை. ஜன்னலோரம் அமர்ந்திருந்த தாயார், "தச்சருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டைச் செப்பனிட எண்ணும் சகோதரர்களே, சிக்கனம் பார்க்குமுன் தொழில் அறிந்தவர் சொல்லுக்குச் செவி கொடுங்கள்.