பிராட்வே மூலையில் ஒரு சிற்றுண்டிச்சாலை

நியூயார்க் நகருக்குச் செல்வோர் விடுதலைச் சிலையையும் விண்ணளாவும் மாளிகைகளையும் காணத் தவறுவதில்லை. அவற்றைக் கண்டபின் நாம் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடுத்த மார்னிங்சைட் ஹைட்ஸ் பகுதிக்குச் சென்றோம். பிராட்வேயும் 112-ஆம் தெருவும் கூடும் மூலையில் 'டாம்ஸ் ரெஸ்டாரண்ட்' இருக்கிறது. கிழக்கே நோக்கினால், 1892-இல் கட்டத் தொடங்கி இன்னும் முற்றுப்பெறாத பெருந்தேவாலயம் தெருக்கோடியில் தெரிகிறது.

இத்தகைய உணவகத்தை அமெரிக்கர் 'டைனர்' என்பர். 1872-இல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், இரவில் உழைத்த பத்திரிகைத் தொழிலாளருக்குக் குதிரை வண்டியில் உணவு கொணர்ந்து விற்றார். நாளடைவில் அவ்வண்டி, தொழிற்சாலையில் இரயில் பெட்டிபோலச் செய்து மனையில் கொண்டுவந்து நிறுத்தப்படும் கடையாக வளர்ந்தது. டாம்ஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அமைந்ததேயாயினும் மரபு அதுவே: நீண்ட மேடை, உயரமான முக்காலிகள், எதிரெதிர் இருக்கைகள், முட்டை, பொரித்த உருளைக்கிழங்கு, காப்பி. புலால் உண்ணாதார்க்கு ரொட்டியும் பான்கேக்கும் உண்டு.

இதன் புகழ் பெரிது. சுசான் வேகா பாடி 1987-இல் இசைத்தட்டில் வெளிவந்த 'டாம்ஸ் டைனர்' என்னும் பாட்டைக் கேட்டுக் கேட்டே, ஜெர்மானியப் பொறியியலாளர் பிராண்டன்பர்க் ஒலியைச் சுருக்கும் எம்பி3 முறையைச் செம்மை செய்தார். 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' தொலைக்காட்சித் தொடரில் இதன் முகப்பைக் கண்டோர் பலர்.

எனினும் நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. 1940-களிலிருந்து இதனை நடத்தி வருவது ஒரு கிரேக்க அமெரிக்கக் குடும்பம். அந்நகரில் டைனர் தொழிலைத் தாங்கியோருள் கிரேக்கக் குடியேறிகள் மிகப் பலர். அவர்களைக் கவரவே 1963-இல் லெஸ்லி பக் என்பவர் நீலமும் வெள்ளையுமாகக் கிரேக்கச் சாடி வரைந்த காகிதக் கோப்பையை வடிவமைத்தார். அவரும் நாஜி முகாம்களினின்று உயிர் பிழைத்து, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து குடியேறியவரே. 'உங்களுக்குப் பணிபுரிவதில் மகிழ்கிறோம்' என்பது கோப்பையிலுள்ள வாசகம்.

கிரேக்கர் தம் நாட்டுணவை மட்டும் விற்றிருப்பின் தம்மவர்க்கு மட்டுமே உணவளித்திருப்பர். அவர்களோ வந்த ஊரின் பசியை அறிந்து, அவ்வூர் உணவையே சமைத்தனர். வேற்றூரில் வாழும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. பிழைக்க வந்தவர் ஊரார்க்குப் பசியாற்றும் நாளில் அவ்வூரும் அவருடையதாகிறது.

வாடகை உயர்வால் அந்நகரில் டைனர்கள் பல மூடப்பட்டுவிட்டன. அதனால் வரும் இழப்பு உரிமையாளர்க்கு மட்டுமன்று. தனித்து வாழும் முதியவரும், இரவுப் பணி முடித்தவரும், புதிதாய் வந்த மாணவரும் ஒரு கோப்பைக் காப்பியுடன் அமர்ந்திருக்கும் இடத்தை இழக்கின்றனர். அந்நகர் செல்லும் அன்பர்கள் ஒரு காலைப் பொழுதையேனும் இத்தகைய கடையொன்றில் கழிப்பார்களாக.