புளியந்தோப்புக் கிளிக்கு பர்மிட் இல்லை!

பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் புளியந்தோப்பு. பெயரை நம்பிப் புளியமரம் தேடாதீர்கள். ஆட்டுத்தொட்டி உண்டு, லாரிகள் உண்டு, மழை பெய்தால் முழங்கால் தண்ணீரும் உண்டு. நிமிர்ந்து பார்த்தால் மொட்டை மாடிகளில் புறாக் கூண்டு. பந்தயப் புறா வடசென்னைக்காரர்களின் பழைய பைத்தியம். அது வீட்டுப் பறவை. வனவிலங்குச் சட்டம் அதைச் சீண்டாது.

வம்பு, நான் டீ குடிக்க ஒதுங்கிய கடையில்தான் ஆரம்பித்தது. வாசலில் ஒரு கூண்டு, உள்ளே பச்சைக்கிளி. "ஒரு டீ!" என்று எனக்கு முன்னால் அதுவே ஆர்டர் கொடுத்தது.

"பன்னண்டு வருசமா கீது சார். எங்க ஆயா வளத்தது" என்றார் கடைக்காரர் பெருமையாக.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? "அண்ணே, இது குற்றம். 1972 வனவிலங்குச் சட்டப்படி மூணு வருஷம் ஜெயில், ஒரு லட்சம் அபராதம் வரைக்கும் போகலாம்" என்றேன்.

டீ ஆற்றிய கை அப்படியே நின்றது.

கதை விடவில்லை, ஐயா. 2023-ல் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகர் இரண்டு கிளி வளர்த்ததற்கு இரண்டரை லட்சம் அபராதம் கட்டினார். 2024 தேர்தலில் கடலூர் வேட்பாளருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்த ஜோசியக் கிளிகளை வனத்துறை கொண்டுபோய்விட்டது. பாவம், தங்கள் சீட்டை மட்டும் அவை எடுத்துப் பார்க்கவில்லை!

"அப்ப பணக்காரங்க வூட்ல கலர் கலரா பெரிய கிளி வச்சிக்கீறாங்களே, அது?"

நியாயமான கேள்வி. அது மக்கா, பூர்வீகம் தென் அமெரிக்கா. 2022-ல் திருத்திய சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் சொல்வது இதுதான்: மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்தால் வைத்துக்கொள்ளலாம். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தகவல் சொல்லவேண்டும். 'பால் பைத்தான்' என்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்புக்கும் இதே கதைதான்.

"பாம்புக்கு பர்மிட்டு, கிளிக்கு கேஸா?"

காரணம் இருக்கிறது. நம்மூர்க் கிளிக் குஞ்சுகளை மரப்பொந்தில் கைவிட்டுத் திருடித்தான் கொண்டுவருகிறார்கள். ஒன்று கூண்டுக்கு வருவதற்குள் வழியில் எத்தனையோ செத்துவிடும். அதனால்தான் பதிவுக்கே இடமில்லை, ஒரே தடை. அதற்காக, வெளிநாட்டிலிருந்து வருவதெல்லாம் யோக்கியமும் இல்லை. 2019-ல் பாங்காக்கிலிருந்து மீனம்பாக்கம் வந்த பெட்டிக்குள் ஒரு சிறுத்தைக் குட்டியே இருந்தது!

"தொறந்து வுட்டுடட்டுமா சார்?"

"ஐயையோ! பன்னண்டு வருஷம் கூண்டுல இருந்ததுக்குப் பறக்க மறந்திருக்கும். காக்காயே கொத்திடும். கிண்டியில வனத்துறைகிட்ட ஒப்படைச்சிடுங்க."

உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது: "யார்ரா அது? கிளிக்கு இன்னா?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆயா இருக்கிற வரைக்குமாவது..." என்று இழுத்தார்.

சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காசை வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

"ஒரு டீ!" என்றது கிளி, அடுத்து வந்தவரைப் பார்த்து.